கண்புரையும் ஆணவ மலமும்

அறியாமை என்பது அறிவின் இன்மையா, பிழைபட்ட அறிவா, அல்லது அறிவை மறைத்து நிற்கும் தனிப்பொருளா என்னும் வினா, இந்திய மெய்யியல் மரபுகளை வெவ்வேறு திசைகளில் செலுத்திய வினாக்களுள் முதன்மையானது. அறியாமை வெறும் பிழை எனின், பிழை திருந்திய அக்கணமே விடுதலை கைகூடும். அதற்குக் கேள்வியும் சிந்தனையும் தெளிவும் போதும். அது ஒரு பொருள் எனின், அப்பொருளை அப்புறப்படுத்தும் செயல் வேண்டும். செயலுக்கு ஒரு கை வேண்டும். மறைப்புக்கு உள்ளானவனே அந்தக் கையாகவும் இருக்க இயலுமா என்னும் அடுத்த வினாவும் உடன் எழும். இவ்வழக்கில் எதிரெதிராக நின்ற தரப்பினர் தத்தம் கொள்கைக்கு நோயுற்ற கண்ணையே எடுத்துக்காட்டாகக் கொண்டனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. எடுத்துக்காட்டு என்பது இந்திய அளவை நூல்களில் அணிக்காகச் சேர்க்கப்படுவதன்று. மேற்கோள், ஏது ஆகியவற்றோடு சேர்ந்து வாதத்தைத் தாங்கும் உறுப்பாகவே அது எண்ணப்பட்டது. ஆதலால் கண்ணின் அமைப்பையும் நோய்களையும் பற்றி இன்றைய மருத்துவம் அறிந்தவற்றை அந்த எடுத்துக்காட்டின்மேல் வைத்துப் பார்ப்பது, அது தாங்கிய கொள்கையையே உரசிப் பார்ப்பதாகும்.

ஆயுர்வேத நூல்கள் பார்வையை மங்கச் செய்யும் நோய்களுக்குத் திமிரம் என்று பெயரிட்டன. திமிரம் உடையவன் எதிரில் இல்லாத மயிரிழைகளைக் காண்கிறான் என்பதையே, புறப்பொருள் என ஒன்று இல்லாமலே அறிவு தோன்றக்கூடும் என்பதற்குச் சான்றாகப் பௌத்த மெய்யியலாளர் வசுபந்து தமது விம்சதிகை நூலின் தொடக்கத்தில் காட்டினார். ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையின் முகப்பில், ஒன்றன்மேல் மற்றொன்றை ஏற்றிக் காணும் மயக்கமாகிய அத்தியாசத்தை விளக்கும்போது, கிளிஞ்சல் வெள்ளியாகத் தோன்றுவதோடு, ஒரே திங்கள் இரண்டாகத் தோன்றுவதையும் எடுத்துக்காட்டினார். இவ்விருவர்க்கும் இடையே கொள்கை வேறுபாடு பெரிது எனினும், நோயுற்ற கண் இருவர்க்கும் ஒன்றையே கற்பித்தது: காணப்படுவது இல்லாமலும் காட்சி உண்டாகும், ஆகவே காட்சியை நம்பிப் பொருளை நிலைநாட்டுவது கூடாது.

சைவ சித்தாந்தம் அதே கண்ணை நோக்கி வேறொன்றைக் கற்றது. இரண்டு திங்களைக் காண்பவனுக்குத் திங்கள் ஒன்றே என்பது நன்றாகத் தெரியும். பிறர் சொல்லியும் அறிவான், தானே கணித்தும் அறிவான். ஆயினும் அவன் கண்ணுக்குத் திங்கள் இரண்டாகவே நிற்கும். கயிற்றைப் பாம்பென்று அஞ்சியவனின் அச்சம் விளக்கைக் கொணர்ந்ததும் தீர்ந்துபோகிறது; நோயுற்ற கண்ணுக்கு அத்தகைய தீர்வு இல்லை, ஏனெனில் குற்றம் அவன் கருத்தில் இல்லை, கருத்துக்கு வழியாக நிற்கும் கருவியில் இருக்கிறது. காஷ்மீரத்து ஆகம உரையாசிரியரான இராமகண்டரும், அவர் நெறியைப் பின்பற்றி 12ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டில் கிரியாக்கிரமத்யோதிகை என்னும் சடங்கு நூலை இயற்றிய அகோரசிவரும் இக்கருத்தை முழுமையாக விரித்தனர். அவர்கள் கூறுவது வருமாறு: உயிரின் அறிவை மறைத்துள்ள மலம் ஒரு திரவியம், அதாவது குணமோ இன்மையோ அன்றித் தன்னளவில் உள்ளதொரு பொருள், கண்ணை மறைக்கும் படலம் எவ்வாறு அதைப் பற்றிய அறிவினால் நீங்காமல் மருத்துவனின் செயலினாலேயே நீங்குமோ, அவ்வாறே மலமும் ஞானத்தினால் மட்டும் நீங்காமல் தீக்கை என்னும் சிவனது செயலினாலேயே நீங்கும். தீக்கை என்பது ஆசாரியன் மாணாக்கனுக்குச் செய்யும் சடங்கு. ஆசாரியனைத் தமக்கு இடமாகக் கொண்டு சிவனே அதைச் செய்கிறார் என்பது கொள்கை.

இந்த எடுத்துக்காட்டைக் கையாண்டவர்கள் நூலறிவை மட்டும் வைத்துப் பேசவில்லை. படலத்தை அகற்றும் சிகிச்சை அவர்கள் காலத்தில் நடைமுறையில் இருந்தது. சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் என்னும் பகுதி அதை நுணுக்கமாக விவரிக்கிறது: நோயாளியை அமரவைத்து, அவன் பார்வையை மூக்கின்மேல் நிறுத்தச் சொல்லி, சலாகை எனப்படும் கூரிய கோலை வெள்விழியின் வழியே செலுத்தி, கண்பாவையை அடைத்து நிற்கும் மறைப்பை விலக்குவார்கள், நோயாளிக்கு உருவங்கள் புலப்படத் தொடங்கியதும் கோலை மெல்ல வெளியே எடுத்து, நெய்யிட்டுத் துணியால் கட்டுவார்கள், இருமல், தும்மல், ஏப்பம், உடல் அசைவு ஆகியவற்றைத் தவிர்க்குமாறு பணிப்பார்கள். சில நொடிகளுக்கு முன்வரை ஒளியையும் இருளையும் மட்டுமே அறிந்திருந்தவன் விரல்களை எண்ணுவதைக் கண்ட ஒரு பண்பாட்டில், அறிவின்மேல் படிந்த மறைப்பைப் பற்றிச் சிந்தித்தவர்கள் இச்சிகிச்சையை நினையாமல் இருந்திருக்க முடியாது.

ஆனால் அவர்கள் படலம் என்று கருதியது எது? கண்ணின் முன்புறத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள, குருதிக் குழாய்கள் இல்லாத, தெளிந்த கார்னியா இருக்கிறது. அதற்குப் பின்னே தெளிநீர் நிரம்பிய சிறு அறையும், நிறமுள்ள ஐரிஸ் திரையும், அத்திரையின் நடுவே ஒளி புகும் துளையாகிய கண்பாவையும், அதற்கும் பின்னே மெல்லிய உறையொன்றினுள் லென்ஸும் அமைந்துள்ளன. லென்ஸுக்குப் பின்னால் கூழ் போன்ற பொருள் கோளத்தின் பெரும்பகுதியை நிரப்ப, அதன் பின்சுவரில் ஒளியை உணரும் விழித்திரை விரிந்திருக்கிறது. முற்றிய புரை கண்பாவையில் வெண்மையாகத் தெரிவதால், கண்பாவைக்கும் லென்ஸுக்கும் இடையே ஏதோ ஒரு சவ்வோ உறைந்த நீரோ தேங்கியிருக்கிறது என்றே கிரேக்க, அரபு மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினர். 1705இல் பிரெஞ்சு மருத்துவர் மிசேல் பிரிசோ, புரை முற்றிய கண்ணோடு இறந்த ஒரு படைவீரனின் விழியை அறுத்து நோக்கியபோதுதான், அங்கே தனியாகச் சவ்வு எதுவும் இல்லை, லென்ஸே ஒளிபுகாததாக மாறியிருக்கிறது என்பது வெளிப்பட்டது.

இக்கண்டுபிடிப்பு சித்தாந்த எடுத்துக்காட்டின் வேரையே தொடுகிறது. மறைப்பு வெளியிலிருந்து வந்து படிந்ததன்று. காட்சிக்கு உதவிய அதே உறுப்புதான் மறைப்பாகிவிட்டது. லென்ஸ், கிரிஸ்டலின் எனப்படும் புரதங்கள் செறிந்த நீண்ட இழைச் செல்களால் ஆனது. இப்புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்வரை ஒளி தடையின்றிச் செல்லும். வயது, நீரிழிவு, புற ஊதாக் கதிர்கள், அடிபடுதல், ஸ்டீராய்டு மருந்துகளின் நெடும்பயன்பாடு ஆகியவற்றால் அவை சிதைந்து திரளும்போது ஒளி சிதறிப் பார்வை மங்கும். தோலைப் போல லென்ஸ் தன் பழைய செல்களை உதிர்ப்பதில்லை. புதிய இழைகள் பழையவற்றின்மேல் வாழ்நாள் முழுவதும் படிந்துகொண்டே இருக்கின்றன. எனவே எண்பது வயது முதியவரின் லென்ஸினுடைய நடுப்பகுதி அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானது. மலம் உயிரோடு உடன்தோன்றியது, அதற்கு ஒரு தொடக்கம் இல்லை என்று கூறும் சித்தாந்திகள், செம்பில் களிம்பையும் நெல்லில் உமியையும் அதற்கு உவமையாகக் காட்டுவர். அவ்வுவமைகளை விடவும் லென்ஸின் இவ்வியல்பு உடன்பிறப்பை ஆழமாகக் காட்டுகிறது எனலாம். ஆனால் அதற்குரிய விலையையும் சித்தாந்தம் தர வேண்டியிருக்கிறது. புரை லென்ஸினின்று வேறான பொருள் அன்று, லென்ஸின் நிலைதான் எனின், மலமும் உயிரினின்று வேறான பொருள் அன்று, உயிரின் குணமே என்று எதிர்வாதி சொல்லக்கூடும் அல்லவா?

இதற்கு விடை சித்தாந்த நூல்களிலேயே உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞான போதத்தைச் செய்யுளால் விரித்த அருணந்தி சிவாச்சாரியார், அறியாமை உயிரின் குணமாயின் உயிர் சடப்பொருளாகிவிடும், அதன்பின் அறிவு அதற்கு ஒருகாலும் வாராது என்று வாதிட்டார். கண்ணின் அமைப்பு இவ்வாதத்தின் பக்கமே நிற்கிறது. லென்ஸ் காண்பதில்லை; ஒளியைக் குவிப்பது மட்டுமே அதன் தொழில், அதிலும் பெரும்பங்கைக் கார்னியாவே செய்கிறது. ஒளியை உணர்வது விழித்திரையில் உள்ள ஏறத்தாழ 12 கோடி கோல் செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும். உணர்ந்ததைச் சுமந்து செல்வது ஏறத்தாழ 10 லட்சம் இழைகளைக் கொண்ட பார்வை நரம்பு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழாக் தவியேல் புரையுற்ற லென்ஸை விழியிலிருந்து வெளியே எடுக்கும் முறையை வகுத்தபோது, லென்ஸை இழந்த கண்ணும் தடித்த கண்ணாடியின் துணையால் கண்டது. 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி, போர் விமானங்களின் கூரைச் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் தீங்கு செய்யாததை நினைவில் கொண்டு, அதே வகை அக்ரிலிக் பொருளால் செய்த லென்ஸை முதன்முதலாகக் கண்ணினுள் பொருத்தினார். எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கக்கூடியது எதுவோ அது காண்பவன் ஆகாது. ஆகவே எடுத்துக்காட்டைச் சிறிது நகர்த்திக்கொண்டால் போதும்: உயிருக்கு ஒப்பாக வைக்கத்தக்கது லென்ஸ் அன்று, அதற்குப் பின்னே பழுதின்றி விழித்திருக்கும் காணும் ஆற்றல். மறைப்பு எவ்வளவு உட்புறத்தில் தோன்றினாலும், எவ்வளவு தொன்மையானதாயினும், காண்பதற்கு அது வேறாகவே இருக்கிறது.

விம்சதிகையின் மயிரிழைக்கும் இங்கே ஒரு சொல் உரியது. கண்ணெதிரே மிதப்பனவாகத் தோன்றும் இழைகளும் புள்ளிகளும் பெரும்பாலும் விழியினுள் உள்ள கூழில் திரண்ட நுண்ணிழைகள் விழித்திரைமேல் வீழ்த்தும் நிழல்களே. ஒரே கண்ணுக்குத் திங்கள் இரட்டையாகத் தெரிவதற்கும் தொடக்கநிலைப் புரையோ கார்னியாவின் வளைவுப் பிறழ்வோ காரணமாதல் உண்டு. அயலே மயிர் இல்லை என்பது உண்மை. ஆனால் காட்சிக்குக் காரணமாக ஒரு பொருளும் இல்லை என்பது உண்மையன்று. பொருள் இருக்கிறது, இருக்கும் இடம்தான் வேறு. இவ்வளவில் மருத்துவம் வசுபந்துவை விடச் சித்தாந்திகளுக்கே நெருக்கமானது.

சலாகைச் சிகிச்சையில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. அதை இவ்வெடுத்துக்காட்டின் மிகச் சிறந்த பகுதியாகவே கருத வேண்டும். கோலைச் செலுத்திய மருத்துவர் புரையை வெளியே எடுத்துவிடவில்லை. அதைக் கட்டியிருந்த இழைகளை அறுத்து, லென்ஸைக் கண்ணின் அடிப்பகுதிக்குத் தள்ளினார். ஒளியின் பாதையிலிருந்து விலகிய லென்ஸ் அதன்பின்னும் நோயாளியின் கண்ணினுள்ளேயே கிடந்தது. மெய்கண்டார் மரபு முத்தியைப் பற்றிக் கூறுவதும் இதுவே. மலம் அழிவற்ற பொருள். முத்தியில் மலம் இல்லாமற் போவதில்லை. அதன் மறைக்கும் சக்தி மட்டுமே மடங்கிவிடுகிறது. பிற சமயத்தார்க்கு இக்கொள்கை விளங்காத ஒன்றாகவே இருந்துவந்தது. விடுதலை பெற்ற உயிரின் அருகிலும் மலம் இருக்கிறது என்றால் அது எத்தகைய விடுதலை என்று கேட்பது எளிது. உள்ளே கிடந்தும் மறைக்காத புரையைத் தன் விழியில் சுமந்துகொண்டு தன் மக்களின் முகத்தைக் கண்ட முதியவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவருக்கு அது பொருளற்ற கேள்வியாகவே பட்டிருக்கும். மருத்துவ நோக்கில் இந்தச் சிகிச்சை ஆபத்து மிகுந்தது. பலருக்குத் தொற்றும் அழற்சியும் கண் அழுத்தமும் ஏற்பட்டுப் பார்வை மீண்டும் போனது. இன்று அது கைவிடப்பட வேண்டிய முறை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு பொருளின் இருப்பு வேறு, அதன் மறைப்பு வேறு என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் நிகழ்வு உலகியலில் அரிது.

புரை முற்றும்வரை காத்திருப்பது அண்மைக்காலம் வரை வழக்கமாக இருந்தது. சித்தாந்தமும் மலபரிபாகம் என்று ஒன்றைக் கூறுகிறது: மலத்தின் சக்தி தேயும் பக்குவம் வந்த பின்னரே, சத்திநிபாதம் எனப்படும் அருட்சக்தியின் பதிவு நிகழும். இங்கே எடுத்துக்காட்டை முழுமையாக ஏற்பது கடினம். முற்றிய புரை தேய்ந்ததன்று, மேலும் அடர்ந்தது. அதைக் காலம் கடந்து விட்டுவைத்தால் லென்ஸ் வீங்கியும் கசிந்தும் கண்ணின் அழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பையே அழித்துவிடக்கூடும். ஒலி அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சும் முறையை 1960களின் பிற்பகுதியில் சார்லஸ் கெல்மன் உருவாக்கிய பிறகு, பார்வைக் குறைவு வாழ்க்கையைத் தடுக்கத் தொடங்கியதும் சிகிச்சை செய்யலாம் என்பதே மருத்துவர்களின் நெறியாகிவிட்டது. காத்திருத்தல் கருவியின் குறையினால் நேர்ந்தது, நோயின் இயல்பினால் நேர்ந்ததன்று. இறைவனுக்குக் கருவிக்குறை இல்லை எனின், அருள் ஏன் பக்குவத்திற்குக் காத்திருக்க வேண்டும் என்னும் வினா இவ்விடத்தில் கூர்மை பெறுகிறது. சித்தாந்தம் தரும் விடை, பக்குவத்தை ஆக்குவதும் சிவனது திரோதான சக்தியே, அதாவது மறைப்பைச் செலுத்தி உயிரை அனுபவத்தில் உழலச்செய்து மலத்தைத் தேய்க்கும் அருளே என்பது. இவ்விடை ஆழமானது, ஆனால் அதைக் கண்புரையிலிருந்து பெற முடியாது, வேறு வழியில்தான் நிலைநாட்ட வேண்டும்.

மலத்தின் இயல்பை விளக்க 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் கூறிய வேறுபாடு ஒன்று, புரையை விட்டு வேறொரு கண்நோயை நினைக்கத் தூண்டுகிறது. இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னை மறைப்பதில்லை. இருட்டில் நிற்பவனுக்குத் தான் இருட்டில் நிற்பது தெரியும். ஆணவ மலமோ பொருள்களையும் காட்டாது, தன்னையும் காட்டாது. புரை இந்த வகையில் இருளைப் போன்றதே. பார்வை மங்குவதையும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளி சிதறுவதையும் நோயாளி உணர்ந்து முறையிடுகிறார். கண் அழுத்த நோய் என்று வழங்கும் குளுக்கோமா அப்படிப்பட்டதன்று. அதன் பெருவழக்கான வகையில் வலியில்லை, சிவப்பில்லை; பார்வை நரம்பின் இழைகள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக மடிய, பார்வைப் பரப்பு பெரும்பாலும் ஓரங்களிலிருந்து சுருங்குகிறது; நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அறியவும் இயல்கிறது. இழந்த இடம் கறுப்பாகவும் தெரிவதில்லை, ஏனெனில் இல்லாததை மூளை சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. நலமான கண்ணிலும் இதற்கு ஒரு சான்று உண்டு: பார்வை நரம்பு விழியை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்கள் கிடையாது; அந்தக் குருட்டுப்புள்ளியை 17ஆம் நூற்றாண்டில் எட்மே மரியோத் சோதனையால் வெளிப்படுத்தும்வரை, மனிதர் அனைவரும் தம் காட்சியில் ஓர் இடைவெளி இருப்பதை அறியாமலே கண்டுவந்தனர். உமாபதியார் இருளுக்கும் ஆணவத்துக்கும் இடையே இட்ட கோடு எவ்வளவு துல்லியமானது என்பதை இது காட்டுகிறது. குறையை உணர்பவன் மருத்துவரைத் தேடுவான். குறையே குறையை மறைக்கும்போது தேடலே தோன்றாது. குளுக்கோமாவைக் கண்டறிய வேண்டுமெனில் நோயாளி முறையிடும் முன்பே இன்னொருவர் அவர் கண்ணின் அழுத்தத்தை அளந்து, பார்வைப் பரப்பைச் சோதித்து, நரம்பின் முகப்பைக் கருவியால் நோக்கியாக வேண்டும். உயிர் கேளாமலே அருள் முற்பட்டு வருகிறது என்று சித்தாந்தம் வற்புறுத்துவதன் காரணமும் இதுவாகவே இருக்க வேண்டும். கேட்கும் அளவுக்குத் தன் நிலையை அறிந்த உயிர், ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது.

பிறர் கை இன்றியமையாதது என்பதில் கண் மருத்துவத்தின் பல தொழில்களும் ஒன்றுபடுகின்றன. எத்தனை திறமை வாய்ந்த அறுவை மருத்துவரும் தம் கண்ணின் புரையைத் தாமே அகற்றிக்கொள்ள முடியாது. அத்தொழில்கள் ஒரே வகையின அல்ல. கண் மருத்துவர் நோயை அறிந்து மருந்தும் அறுவையும் செய்கிறார்; ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் பார்வைத்திறன் வல்லுநர் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, நாற்பதைக் கடந்தவர்க்கு வரும் வெள்ளெழுத்து முதலிய ஒளிவிலகல் குறைகளை அளந்து திருத்தத்தை வகுக்கிறார்; கண்ணாடி செய்வோர் அவ்வளவுப்படி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகின்றனர். மூக்குக்கண்ணாடி கண்ணின் குறையை நீக்குவதில்லை, அணிந்திருக்கும்வரை காட்சிக்குத் துணைநிற்கிறது. மாயையிலிருந்து தோன்றிய உடலும் கருவிகளும் மலம் நீங்கும்வரை உயிருக்கு விளக்காக உதவுகின்றன என்று சித்தாந்தம் கூறும் உதவி இவ்வகையைச் சார்ந்தது; அது தீக்கைக்கு ஈடாகாது, ஆனால் இகழத்தக்கதும் அன்று.

அறுவை செய்யும் கையைப் பற்றிய சமய உணர்வு நூல்களோடு நின்றுவிடவில்லை. கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய கண் மருத்துவமனைக்கு, தாம் பின்பற்றிய அரவிந்தரின் பெயரையே சூட்டினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு, அவற்றுக்கேற்ற கருவிகளைக் கொண்டு கண்ணறுவையைப் பழகிக்கொண்ட அவர், பணம் தர இயலாத ஏழைகளுக்குக் கண்ணொளி தருவதைத் தம் ஆன்மிகப் பயிற்சியிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. அரவிந்தரின் யோகம் சித்தாந்தத்தினின்று வேறானது. இருப்பினும், செய்பவன் தன்னை ஓர் உயர்ந்த செயலின் கருவியாக எண்ணுவது, ஆசாரியனிடம் ஆகமம் எதிர்பார்க்கும் மனநிலைக்கு மிக அண்மையானது. தீக்கை பலிப்பது ஆசாரியனின் தனிப்பெருமையால் அன்று என்று ஆகமங்கள் கூறுவதை, நம் காலத்தில் வாழ்ந்த மனிதர் ஒருவரிடம் காணக் கிடைத்தது பெரும்பேறு.

மறைப்பு நீங்கியபின் என்ன நிகழ்கிறது என்பதுதான் இவ்வெடுத்துக்காட்டைக் கையாண்டவர்கள் விரிக்காமல் விட்ட பகுதி. 1688இல் அயர்லாந்தின் வில்லியம் மாலினூ, மெய்யியலாளர் ஜான் லாக்குக்கு ஒரு வினாவை எழுதி அனுப்பினார்: பிறவிக் குருடர் ஒருவர் கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்தவர், அவருக்குத் திடீரெனப் பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வாரா? சொல்ல மாட்டார் என்றே இருவரும் கருதினர். 1728இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், ஏறத்தாழ 13 வயதுச் சிறுவனுக்குப் புரையை விலக்கியபின் எழுதிய குறிப்பில், பொருள்கள் அனைத்தும் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாக அச்சிறுவன் எண்ணினான் என்று பதிவு செய்தார். இந்தியாவில் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தின் வழியே பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐவரைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வு, அவர்கள் தொட்டறிந்த வடிவத்தைக் கண்ணால் உடனே இனங்காண இயலவில்லை என்றும், சில நாட்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது என்றும் காட்டியது. ஒளி புகுவது வேறு, காண்பது வேறு, இரண்டாவது கற்றுக்கொள்ளப்படுவது.

மெய்கண்டார் இதற்கு இடம் வைத்திருந்தார். சிவஞான போதத்தின் பதினோராம் சூத்திரம், கண் தானே கண்டுவிடுவதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறது: கண்ணுக்குப் பொருளைக் காட்டி, தானும் உடனின்று காண்கிறது உயிர், அதுபோல உயிருக்கு அறிவித்து, தானும் உடனின்று அறிகிறான் இறைவன். உரைகாரர்கள் இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்பர். மலம் அகன்றதும் உயிர் தானே தனித்து அறிந்துவிடும் என்று அவர் கூறவில்லை. அப்போதும் அது காட்டக் காண்பதே. பன்னிரண்டாம் சூத்திரமோ, விடுதலையை அணைந்தவர்கூட எஞ்சிய மலத்தைக் கழுவி, அன்பரோடு கூடி, அடியவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே வழிபட வேண்டும் என்கிறது. வாசனை என்று சொல்லப்படும் பழைய படிவு திரும்பக்கூடும் என்பதே காரணம். இன்றைய அறுவையில் லென்ஸின் பின்னுறையை மருத்துவர்கள் விட்டுவைக்கின்றனர், புதிய லென்ஸைத் தாங்க அது வேண்டும். உறையில் எஞ்சிய ஒருசில செல்கள் சிலரிடம் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பெருகி மீண்டும் மங்கலை உண்டாக்க, லேசர் கதிரால் அதில் ஒரு வழி திறக்கப்படுகிறது. பன்னிரண்டாம் சூத்திரத்தை மிகையான எச்சரிக்கை என்று கருதுவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு முற்றிலும் நின்றுபோகும் இடமும் உண்டு. பிறவிப்புரையோடு பிறந்த குழந்தைக்கு முதல் 6 முதல் 8 வாரங்களுக்குள் சிகிச்சை செய்வதே சிறந்தது. தாமதமானால், உருவங்களைப் பெறாத மூளை காணும் திறனை முழுமையாக வளர்த்துக்கொள்ளாமல் சோம்பேறிக் கண் என்னும் நிலை ஏற்படுகிறது. பூனைக்குட்டிகளின் கண்ணை மூடிவைத்துப் பார்வை வளர்ச்சியின் இக்காலவரம்பை விளக்கிய டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். குளுக்கோமாவால் மடிந்த நரம்பிழைகளையும் இன்றைய மருத்துவத்தால் மீட்டுத்தர இயலாது. ஆகவே முற்றிய புரைக்குச் சிகிச்சை செய்யுமுன் மருத்துவர், இருட்டறையில் விளக்கை ஒவ்வொரு பக்கமாகக் காட்டி, ஒளி வரும் திசையை நோயாளி சொல்கிறாரா என்று பார்க்கிறார். பின்னே விழித்திரையும் நரம்பும் உயிரோடு உள்ளனவா என்பதற்கு அதுவே முதற்சான்று. சித்தாந்தம் இப்படியொரு ஐயத்தை உயிரின்மேல் வைப்பதே இல்லை. ஆசாரியன் சத்திநிபாதத்தின் அடையாளங்களை மாணாக்கனிடம் தேடுவது, தீக்கைக்கு உரிய காலம் வந்ததா என்பதை அறியவே. அறிவாற்றல் அழிந்துபோன உயிர் என ஒன்று இருக்கக்கூடும் என்னும் அச்சத்தால் அன்று. என்றென்றும் விடுதலைக்குத் தகுதியற்ற உயிர்கள் உண்டு என்று துவைத மரபின் மத்துவர் கொண்டார். ஆணவத்தில் முற்றும் மூழ்கிக் கிடக்கும் கேவல நிலையில்கூட உயிரின் அறிவு அழிவதில்லை, மறைந்து மட்டுமே இருக்கிறது என்று மெய்கண்டார் மரபு கொண்டது. கண்நோய்கள் பலவற்றுள் அம்மரபினர் படலத்தையே தேர்ந்தெடுத்தமைக்கு இக்கொள்கைதான் அடிப்படை. ஏனெனில், உள்ளே ஒளியை எதிர்நோக்கும் ஆற்றல் குறையாதிருக்க, வெளியே வழி மட்டும் அடைபட்டிருக்கும் நோய் அது.